வெளி மாநிலத்துக்கு விற்பவர்களுக்கு ஒரு ஜி.எஸ்.டி. பாடம்



நம் குடும்பங்களுக்கு வியாபாரம் புதிதல்ல. ஆனால் முன்பு கடைத்தெருவோடு நின்ற விற்பனை, இன்று கைப்பேசி வழியாக மாநில எல்லைகளைத் தாண்டுகிறது. வீட்டில் தைத்த புர்காவும் ஹிஜாபும், அத்தரும், ஊறுகாயும், கோரைப்பாயும் கூரியரில் கொச்சிக்கும் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் போகின்றன. ஆர்டர் வருகிறது, பணம் வருகிறது, பொருள் போகிறது. இதில் பலர் கவனிக்காமல் விடுவது ஒன்றுதான்: பொருள் மாநில எல்லையைத் தாண்டிய உடனே வரிச் சட்டம் வேறு கண்ணோடு பார்க்கிறது.

உள்ளூரிலேயே விற்கும் சிறு வியாபாரிக்கு உள்ள சலுகைகளில் சில, வெளி மாநிலத்துக்கு விற்பவருக்கு இல்லை. இது தெரியாமல் சிலர் பதிவே செய்யாமல் விற்கிறார்கள். வேறு சிலர் பதிவு மட்டும் வாங்கிவிட்டு, மாதக் கணக்கைத் தாக்கல் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். இரண்டிலும் நஷ்டம் வரியைவிடப் பெரிதாகிறது. இந்த இதழில் அந்தக் கணக்கை முதலிலிருந்து பார்ப்போம்.

1. எது வெளி மாநில விற்பனை?

2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் மாநிலத்துக்குள் விற்றால் 'வாட்' வரி, வெளி மாநிலத்துக்கு விற்றால் மத்திய விற்பனை வரி என்று இருந்தது. 'சி படிவம்' வாங்க அலைந்த கதையை நம் பெரியவர்கள் சொல்வார்கள். அன்று வெளி மாநில விற்பனையின் வரி, பொருள் புறப்பட்ட மாநிலத்துக்குப் போனது. இன்றைய முறை நேர்மாறானது. பொருள் எங்கே போய்ச் சேருகிறதோ அந்த மாநிலத்துக்கே மாநிலப் பங்கு போகிறது.

அதனால்தான் பில் போடும்போது முதல் கேள்வி, பொருள் எங்கே போகிறது என்பது. தமிழ்நாட்டிலிருந்து தமிழ்நாட்டுக்கே போனால் வரி இரண்டாகப் பிரியும்: பாதி மத்திய ஜி.எஸ்.டி., பாதி மாநில ஜி.எஸ்.டி. வெளி மாநிலத்துக்குப் போனால் முழுவதும் ஒரே தலைப்பில், ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி.யாக, அதாவது ஐ.ஜி.எஸ்.டி.யாக விழும். மொத்த விகிதம் ஒன்றுதான். 5 சதவீதப் பொருள் என்றால் உள்ளூரில் இரண்டரையும் இரண்டரையும், வெளியூரில் ஐந்து.

'வெளி மாநிலம்' என்றால் தூரம் என்று நினைக்க வேண்டாம். நாகூரைத் தாண்டி வாஞ்சூர் வந்தால் காரைக்கால் எல்லை. காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது. நாகூர்க் கடையிலிருந்து காரைக்கால் வீட்டுக்கு ஒரு பார்சல் அனுப்பினால் அதுவும் வெளி மாநில விற்பனைதான். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையிலும் இதே நிலைதான். நாகூரிலிருந்து சென்னைக்கு அனுப்புவதோ உள் மாநில விற்பனை.

காரைக்காலிலிருந்து ஒருவர் நேரில் கடைக்கு வந்து, பில்லில் முகவரி எதுவும் எழுதாமல் சில்லறையாக வாங்கிப் போனால், அது தமிழ்நாட்டு விற்பனையாகவே கணக்கில் வரும். பதிவு இல்லாத வாடிக்கையாளரின் முகவரியை, அல்லது மாநிலத்தின் பெயரை மட்டுமாவது, பில்லில் எழுதினால் அந்த மாநிலமே சேருமிடம் ஆகும். இந்த விதி 2023 அக்டோபர் 1 முதல் உள்ளது.

2. யார் பதிவு செய்ய வேண்டும்?

பொருள் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுமுதல் ரூ.40 லட்சம் வரை பதிவு தேவையில்லை என்பது பலருக்கும் தெரியும். அந்தச் சலுகை மாநிலத்துக்குள்ளேயே விற்பவருக்கு மட்டும் என்பதுதான் பலருக்கும் தெரியாது. வரி உள்ள பொருளை வெளி மாநிலத்துக்கு விற்றால், விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு கட்டாயம். வாட்ஸ்அப்பில் வரும் ஆர்டருக்கும் இன்ஸ்டாகிராமில் வரும் ஆர்டருக்கும் இது பொருந்தும்.

இதில் சில விலக்குகள் உண்டு.

கைவினைப் பொருட்கள்: பெரும்பகுதி கையாலேயே செய்யப்பட்ட, அரசு அறிவித்த பட்டியலில் உள்ள கைவினைப் பொருட்களைச் செய்து விற்பவருக்கு, பதிவுக்கான விற்றுமுதல் வரம்பு வரை வெளி மாநில விற்பனைக்கும் பதிவு தேவையில்லை. புல், கோரை, நார் கொண்டு செய்யும் பாய் போன்றவை அந்தப் பட்டியலில் உள்ளன. பத்தமடைப் பாய் நெய்யும் குடும்பங்கள் இதை அறிந்து வைத்திருக்க வேண்டும். இரண்டு நிபந்தனைகள் உண்டு: பான் எண் இருக்க வேண்டும், பொருளின் மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் இ-வே பில் எடுக்க வேண்டும்.

சேவைகள்: இணையவழி டியூஷன், டிசைன் வேலை போன்ற சேவைகளை வெளி மாநிலத்தவருக்குச் செய்தாலும், ஆண்டுக்கு ரூ.20 லட்சம் வரை பதிவு தேவையில்லை.

வரியே இல்லாத பொருட்கள்: அச்சிட்ட நூல்கள் போன்ற வரிவிலக்குப் பொருட்களை மட்டுமே விற்பவருக்குப் பதிவு வேண்டாம்.

பெரிய இணைய வணிக நிறுவனங்களின் தளத்தில் விற்க முன்பு எல்லோருக்கும் பதிவு கட்டாயமாக இருந்தது. 2023 அக்டோபர் 1 முதல், வரம்புக்குள் விற்கும் சிறு வியாபாரி, பான் எண்ணைக் காட்டி ஒரு சேர்க்கை எண் மட்டும் பெற்றுக்கொண்டு, தன் மாநிலத்துக்குள் அந்தத் தளங்களில் விற்கலாம். வெளி மாநில ஆர்டரை ஏற்றால் அந்தச் சலுகை போய்விடும்.

'காம்போசிஷன்' எனப்படும் சுருக்க வரித் திட்டத்தில் இருப்பவரும் வெளி மாநிலத்துக்கு விற்கக் கூடாது. விற்க வேண்டுமானால் முதலில் வழக்கமான பதிவுக்கு மாறிக்கொள்ள வேண்டும்.

பதிவுக்கு அரசுக் கட்டணம் எதுவும் இல்லை. பான், ஆதார், புகைப்படம், வியாபாரம் நடக்கும் இடத்துக்கான சான்று ஆகியவை வேண்டும். வீடு அத்தா பெயரிலோ மாமனார் பெயரிலோ இருந்தால் அவருடைய ஒப்புதல் கடிதம் வேண்டும். கிடைக்கும் 15 இலக்க எண்ணில் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் காட்டும்: தமிழ்நாடு 33, கேரளம் 32, கர்நாடகம் 29, புதுச்சேரி 34. வாங்குபவர் தரும் எண்ணைப் பார்த்தாலே எந்த மாநிலம் என்று தெரிந்துவிடும்.

3. போகும் மாநிலம் ஒவ்வொன்றிலும் பதிவு வேண்டுமா?

வேண்டாம். தமிழ்நாட்டிலிருந்து பொருளை அனுப்பும் வரை, பத்து மாநிலங்களுக்கு விற்றாலும் தமிழ்நாட்டுப் பதிவு ஒன்றே போதும். எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கு, ஒரே இடத்தில் வரி. அந்தந்த மாநிலத்துக்குரிய பங்கைப் பிரித்துக் கொடுப்பது அரசின் வேலை.

ஆனால் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும்.

ஒன்று, கிடங்கு. சில இணைய வணிக நிறுவனங்கள் சரக்கை முன்கூட்டியே தங்கள் கிடங்குக்கு அனுப்பச் சொல்லும். அந்தக் கிடங்கு பெங்களூரில் இருந்தால், உங்கள் சரக்கு கர்நாடகத்தில் இருந்து விற்கப்படுகிறது என்று பொருள். அங்கே தனிப் பதிவும் தனிக் கணக்குத் தாக்கலும் வேண்டும். சட்டத்தின் பார்வையில் உங்கள் தமிழ்நாட்டுப் பதிவும் கர்நாடகப் பதிவும் இரு வேறு நபர்கள். அதனால் விற்காமல் சரக்கை இங்கிருந்து அங்கே மாற்றுவதற்கும் ஐ.ஜி.எஸ்.டி. பில் போட வேண்டும். 'எங்கள் கிடங்கில் வைத்தால் சீக்கிரம் விற்கும்' என்ற பேச்சை ஏற்குமுன் இந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

இரண்டு, கண்காட்சி. கொச்சியிலோ பெங்களூரிலோ நடக்கும் விற்பனைக் கண்காட்சியில் பத்து நாள் ஸ்டால் போட்டால், அந்த மாநிலத்தில் தற்காலிக வரிசெலுத்துநராகப் பதிவு செய்ய வேண்டும். விற்பனை தொடங்க ஐந்து நாளாவது முன்பே விண்ணப்பிக்க வேண்டும். எவ்வளவு வரி வரும் என்று மதிப்பிட்டு அதை முன்பணமாகக் கட்ட வேண்டும். பதிவு அதிகபட்சம் 90 நாள் செல்லும். மேலும் 90 நாள் நீட்டிக்கலாம். கண்காட்சி முடிந்து ஊர் திரும்பினாலும் அந்தக் காலத்துக்குரிய கணக்கைத் தாக்கல் செய்தே ஆக வேண்டும். மிஞ்சிய முன்பணம் திரும்பக் கிடைப்பது அதற்குப் பிறகுதான்.

4. வரிப்பணம் நம் பணம் அல்ல

ரூ.1,000 விலையுள்ள புர்காவை 5 சதவீத வரி சேர்த்து ரூ.1,050-க்கு விற்கிறோம். அந்த ரூ.50 வாடிக்கையாளர் அரசுக்குக் கொடுத்த பணம். அது நம் கையில் இருக்கும் அமானிதம். லாபத்திலோ குடும்பச் செலவிலோ அது சேராது. சட்டமும் இதையே சொல்கிறது: வரி என்று வாங்கிய தொகை எதுவானாலும் அரசிடம் சேர்க்க வேண்டும். பதிவு இல்லாதவர் பில்லில் வரி என்று எதையும் வாங்கவே கூடாது.

சிறு வியாபாரத்தில் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஒரே வங்கிக் கணக்கில் விற்பனைப் பணமும் வீட்டுப் பணமும் கலந்து கிடக்கும். பள்ளிக் கட்டணம் வரும், கல்யாணம் வரும், மருத்துவச் செலவு வரும். 20-ம் தேதி வரும்போது வரி கட்டப் பணம் இருக்காது. 'அடுத்த மாதம் சேர்த்துக் கட்டலாம்' என்று தள்ளிப் போட்டால், மறுமாதம் இரண்டு மாத வரியும் தாமதக் கட்டணமும் சேர்ந்து நிற்கும்.

இதற்கு வழி எளிது. வியாபாரத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு வையுங்கள். வாரம் ஒருமுறை அந்த வார விற்பனையைக் கூட்டி, அதில் உள்ள வரியை ஒதுக்கி வையுங்கள். வரியைச் சேர்த்தே விலை சொல்லியிருந்தால், 5 சதவீதப் பொருளுக்கு மொத்தத் தொகையை 105-ஆல் வகுத்து 5-ஆல் பெருக்கினால் வரி வந்துவிடும். 18 சதவீதப் பொருளானால் 118-ஆல் வகுத்து 18-ஆல் பெருக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் ஆயத்த ஆடைகளில் ஒன்று ரூ.2,500 வரை விலையுள்ளவற்றுக்கு 5 சதவீதமும், அதற்கு மேல் 18 சதவீதமும் வரி. விலை வைக்கும்போதே இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. எந்தப் படிவம், எந்தத் தேதி?

இரண்டு படிவங்கள்தான் முக்கியம்.

ஜி.எஸ்.டி.ஆர்-1: இது விற்பனைப் பட்டியல். பதிவு உள்ள வியாபாரிக்கு விற்றால் ஒவ்வொரு பில்லையும் அவருடைய எண்ணோடு தனித்தனியாக எழுத வேண்டும். அப்போதுதான் அவர் நீங்கள் வாங்கிய வரியைத் தன் கணக்கில் வரவாக எடுக்க முடியும். பதிவு இல்லாத பொதுமக்களுக்கு விற்றதை மாநில வாரியாக, வரி விகித வாரியாகக் கூட்டி எழுதினால் போதும். ஆனால் வெளி மாநிலத்தில் உள்ள பொதுமக்களுக்குப் போட்ட ஒரே பில் ரூ.1 லட்சத்தைத் தாண்டினால் அதைத் தனியாகக் காட்ட வேண்டும். இணைய வணிகத் தளம் வழியாக விற்றதை அதற்கென்று உள்ள அட்டவணையிலும் காட்ட வேண்டும்.

ஜி.எஸ்.டி.ஆர்-3பி: இது வரிக் கணக்கு. விற்பனைக்கான வரி எவ்வளவு, வாங்கிய சரக்குக்குக் கொடுத்த வரி எவ்வளவு, மீதி கட்ட வேண்டியது எவ்வளவு என்று காட்டிப் பணம் கட்டும் இடம். பதிவு இல்லாதவர்களுக்குச் செய்த வெளி மாநில விற்பனை, மாநில வாரியாக இதிலும் வரும். விற்பனைத் தொகைகள் முதல் படிவத்திலிருந்து தானாகவே இங்கே வந்து விழும். ஆகவே முதல் படிவம் சரியாக இருக்க வேண்டும். அதில் பிழை தெரிந்தால், 3பி தாக்கல் செய்வதற்கு முன் 1ஏ என்ற திருத்தப் படிவத்தில் சரிசெய்யலாம்.

மாதாமாதம் தாக்கல் செய்பவருக்கு முதல் படிவம் அடுத்த மாதம் 11-ம் தேதிக்குள், 3பி 20-ம் தேதிக்குள்.

விற்றுமுதல் ரூ.5 கோடி வரை உள்ளவர் காலாண்டு முறையைத் தேர்ந்தெடுக்கலாம். அப்போது ஆண்டுக்கு நான்கு முறை தாக்கல் செய்தால் போதும்: காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 13-ம் தேதிக்குள் முதல் படிவம், தமிழ்நாட்டவருக்கு 22-ம் தேதிக்குள் 3பி. ஆனால் தாக்கல்தான் காலாண்டு, பணம் மாதாமாதம். காலாண்டின் முதல் இரண்டு மாதங்களுக்கும் அடுத்த மாதம் 25-ம் தேதிக்குள் சலான் போட்டு வரி கட்ட வேண்டும். போன காலாண்டில் ரொக்கமாகக் கட்டியதில் 35 சதவீதத்தைக் கட்டும் எளிய வழியும் உண்டு. கொள்முதல் வரி வரவே போதுமானதாக இருந்தால் அந்த மாதம் எதுவும் கட்ட வேண்டாம்.

6. ஒரு மாதக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

நாகூரில் புர்கா, ஹிஜாப் தைத்து விற்கும் ஒரு சகோதரியை உதாரணமாக வைத்துக்கொள்வோம். எல்லாமே ரூ.2,500-க்குக் கீழ், 5 சதவீத வரி. அந்த மாத விற்பனை, வரி நீங்கலாக:

கேரளத்துக்கு ரூ.60,000. ஐ.ஜி.எஸ்.டி. ரூ.3,000.
கர்நாடகத்துக்கு ரூ.30,000. ஐ.ஜி.எஸ்.டி. ரூ.1,500.
தமிழ்நாட்டுக்குள் ரூ.50,000. மத்திய வரி ரூ.1,250, மாநில வரி ரூ.1,250.

மொத்த வரி ரூ.7,000.

அவர் ஈரோட்டில் ரூ.80,000-க்குத் துணி வாங்கினார். கொடுத்த வரி மத்திய, மாநிலத் தலைப்புகளில் தலா ரூ.2,000. சூரத்திலிருந்து ரூ.40,000-க்கு வாங்கிய துணிக்கு ஐ.ஜி.எஸ்.டி. ரூ.2,000. ஆக அவர் ஏற்கெனவே கொடுத்த வரி ரூ.6,000. இதைத்தான் உள்ளீட்டு வரி வரவு என்கிறார்கள். கடைத்தெருவில் 'இன்புட்' என்பது இதுதான்.

கழிக்கும் வரிசை முக்கியம். முதலில் ஐ.ஜி.எஸ்.டி. வரவு ரூ.2,000-ஐ ஐ.ஜி.எஸ்.டி. ரூ.4,500-இல் கழித்தால் மீதி ரூ.2,500. மத்திய வரவு ரூ.2,000-இல் மத்திய வரி ரூ.1,250 போக ரூ.750 மிஞ்சும், அதை ஐ.ஜி.எஸ்.டி.க்குப் பயன்படுத்தலாம். மாநில வரவிலும் அப்படியே ரூ.750 மிஞ்சும். இரண்டும் சேர்ந்து ரூ.1,500 போக, ரொக்கமாகக் கட்ட வேண்டியது ரூ.1,000 மட்டும். மத்திய வரவை மாநில வரிக்கோ, மாநில வரவை மத்திய வரிக்கோ மாற்ற முடியாது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

கேரள விற்பனை முழுவதும் ஓர் இணைய வணிகத் தளம் வழியாக நடந்தது என்று வைத்துக்கொள்வோம். அந்த நிறுவனம் 0.5 சதவீதம், அதாவது ரூ.300 பிடித்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்பும். 2024 ஜூலை 10-க்கு முன் இது 1 சதவீதமாக இருந்தது. இது கமிஷன் அல்ல. உங்கள் பெயரில் அரசிடம் கட்டப்படும் தொகை. இணையதளத்தில் அதற்குரிய பக்கத்தில் நீங்கள் ஏற்றுக்கொண்டால் உங்கள் ரொக்கக் கணக்கில் வந்து சேரும். அப்போது கையிலிருந்து கட்ட வேண்டியது ரூ.700-தான். இந்தப் பக்கத்தைத் திறந்தே பார்க்காதவர்களுடைய பணம் மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கிறது.

இந்த வரவு கிடைக்க வேண்டுமானால், துணி விற்றவர் தன் படிவத்தில் உங்கள் எண்ணைப் போட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் 14-ம் தேதி இணையதளத்தில் வரும் 2பி அறிக்கையில் அது தெரியும். தெரியாவிட்டால் விற்றவரிடம் உடனே கேளுங்கள். பில் இல்லாமல் மலிவாக வாங்கிய துணிக்கு வரவு கிடையாது. அந்த மலிவு உண்மையில் மலிவுதானா என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

7. தாமதித்தால் என்ன ஆகும்?

3பி தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.50. அந்தக் காலத்துக்கு வரியே இல்லை என்றால் நாளொன்றுக்கு ரூ.20. விற்றுமுதல் ரூ.1.5 கோடி வரை உள்ளவருக்கு ஒரு படிவத்துக்கு உச்சம் ரூ.2,000, வரியில்லாப் படிவத்துக்கு ரூ.500. கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி தனி.

மேலே சொன்ன சகோதரி 20 நாள் தாமதித்தார் என்றால், வட்டி பத்து ரூபாய்க்குள் முடிந்துவிடும். தாமதக் கட்டணமோ ரூ.1,000. கட்ட வேண்டிய வரி அளவுக்கே தண்டமும் வந்துவிட்டது. சிறு வியாபாரியை வரியைவிட அதிகமாகச் சுடுவது தேதிதான்.

பணத்தோடு இது நிற்பதில்லை. ஒரு மாத 3பி நிலுவையில் இருந்தால் அடுத்த மாத ஜி.எஸ்.டி.ஆர்-1 தாக்கல் செய்ய முடியாது. இரண்டு தவணை தொடர்ந்து விட்டால் இ-வே பில் எடுக்க முடியாமல் போகும். வெளி மாநிலத்துக்கு ரூ.50,000-க்கு மேற்பட்ட சரக்கு அனுப்ப இ-வே பில் கட்டாயம் என்பதால், வியாபாரமே நின்றுவிடும். மாதாமாதம் தாக்கல் செய்பவர் தொடர்ந்து ஆறு மாதமும், காலாண்டு முறையில் இருப்பவர் இரண்டு காலாண்டும் விட்டுவிட்டால் பதிவை ரத்து செய்ய அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. கடைசித் தேதியிலிருந்து மூன்று ஆண்டு கடந்த படிவத்தை இப்போது தாக்கல் செய்யவே முடியாது.

விற்பனையே இல்லாத மாதத்திலும் தாக்கல் உண்டு. பதிவு செய்த கைப்பேசி எண்ணிலிருந்து 14409 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியே வெறும் கணக்கைத் தாக்கல் செய்துவிடலாம். இதற்குச் செலவு இல்லை.

8. தலைப்பு மாறிக் கட்டிவிட்டால்

வெளி மாநிலத்துக்கு அனுப்பிய பொருளுக்கு, பழக்கத்தில் மத்திய, மாநில வரி என்று பில் போட்டுக் கட்டிவிடுவது அடிக்கடி நடக்கிறது. இதற்குப் பரிகாரம் உண்டு. சரியான தலைப்பான ஐ.ஜி.எஸ்.டி.யை இப்போது கட்ட வேண்டும். அதற்கு வட்டி கிடையாது. தவறாகக் கட்டிய தொகையைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கலாம். சரியான வரி கட்டிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கேட்க வேண்டும். ஆனால் பணம் திரும்பி வரும் வரை இரண்டு பங்கு பணம் முடங்கிக் கிடக்கும். அதைத் தவிர்க்க, பில் போடும்போதே சேரும் மாநிலத்தின் பெயரைப் பில்லில் எழுதும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

சலான் போடும்போதே தலைப்பு மாறி, பணம் ரொக்கக் கணக்கில் இருக்கிறது. இன்னும் வரிக்குக் கழிக்கவில்லை என்றால் கவலை வேண்டாம். பி.எம்.டி-09 என்ற படிவத்தில் அதை ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

9. பதிவு யார் பெயரில்?

இது குடும்பமாக உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். பல வீடுகளில் பதிவு அம்மா பெயரிலோ மனைவி பெயரிலோ இருக்கிறது. வியாபாரத்தை நடத்துவது மகனோ கணவரோ. ஓ.டி.பி. வரும் கைப்பேசி வேறொருவர் கையில். படிவம் தாக்கல் செய்யாவிட்டால் நோட்டீஸ் வருவதும், நிலுவை நிற்பதும் பதிவில் பெயர் உள்ளவர் மீதுதான். அவருக்கு ஒன்றுமே தெரியாது என்பது பதிலாகாது.

ஆகவே பெயர் தருபவர் மாதம் ஒருமுறை, 'இந்த மாதம் தாக்கல் ஆகிவிட்டதா? ஒப்புகை எண்ணைக் காட்டு' என்று கேளுங்கள். இப்படிக் கேட்பதைச் சந்தேகமாக வீட்டில் யாரும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தெரிந்தவர், தூரத்து உறவினர் என்று யார் கேட்டாலும் பான், ஆதார், ஓ.டி.பி. மூன்றையும் கொடுத்து உங்கள் பெயரில் பதிவெடுக்க விடாதீர்கள். 'மாதம் ஒரு தொகை தருகிறோம்' என்று சொல்லி ஏழைகளின் பெயரில் பதிவெடுத்துப் போலி பில் போடுவோர் உண்டு. கடைசியில் நோட்டீஸ் வந்து நிற்பது அந்த ஏழையின் வாசலில்.

வியாபாரத்தை நிறுத்திவிட்டால் பதிவையும் ரத்து செய்யுங்கள். விண்ணப்பம் கொடுத்து, ரத்தான பின் மூன்று மாதத்துக்குள் இறுதிக் கணக்கையும் தாக்கல் செய்ய வேண்டும். சும்மா விட்டால் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும்.

10. சில கேள்விகள்

கூரியரில் போன பொருளை வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிவிட்டால் வரி போய்விடுமா?
போகாது. அந்த பில்லுக்கு எதிராக வரவுக் குறிப்பு போட்டு, அதைப் படிவத்தில் காட்டினால் வரி குறைந்துவிடும். நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-க்குள் காட்ட வேண்டும்.

பெங்களூர்க்காரர் பணம் கட்டி, பொருளைச் சென்னையில் உள்ள தன் தங்கைக்கு அனுப்பச் சொன்னால்?
வாங்குபவர் பதிவு இல்லாதவர். விநியோக முகவரி சென்னை என்று பில்லில் உள்ளது என்றால் அது தமிழ்நாட்டு விற்பனை. அவர் பதிவு பெற்ற கர்நாடக வியாபாரியாக இருந்து, தன் எண்ணில் பில் கேட்டால், பொருள் சென்னையில் இறங்கினாலும் அது கர்நாடக விற்பனை, ஐ.ஜி.எஸ்.டி. போட வேண்டும்.

பணம் வராத விற்பனைக்கும் வரி கட்ட வேண்டுமா?
ஆம். பொருள் விற்பனையில் வரிப் பொறுப்பு பில்லோடு வந்துவிடும். கடன் கொடுக்குமுன் வரித் தொகையையாவது ரொக்கமாக வாங்கிக்கொள்வது நல்லது.

ஆடிட்டர் பார்த்துக்கொள்வாரே, நமக்கெதற்கு?
அவர் நீங்கள் கொடுக்கும் பில்லை வைத்துத்தான் தாக்கல் செய்கிறார். பில்களை மாதம் முடிந்த ஐந்து நாளுக்குள் அவரிடம் சேர்ப்பது உங்கள் வேலை. தாக்கல் ஆனதா என்று இணையதளத்தில் உங்கள் எண்ணைப் போட்டு நீங்களே பார்க்கலாம்.

சந்தேகத்துக்கு அரசிடம் யாரைக் கேட்பது?
1800-103-4786 என்ற கட்டணமில்லா ஜி.எஸ்.டி. உதவி எண்ணை அழைக்கலாம்.

சமையலறை நாட்காட்டியில் இன்றே குறித்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் தாக்கல் செய்பவர் 11, 14, 20 என்ற தேதிகளை வட்டமிடுங்கள்: விற்பனைப் பட்டியல், கொள்முதல் வரவு சரிபார்ப்பு, வரி. காலாண்டு முறையில் இருப்பவருக்கு 13, 22, 25. வாரம் ஒருமுறை வரிப்பணத்தை ஒதுக்கி வைக்கும் கிழமையையும் அதிலேயே எழுதுங்கள். பணம் ஒதுக்கி வைத்த வீட்டில் 20-ம் தேதி பதற்றமில்லாமல் கடந்து போகும்.